கார்ப்பென்டர்ஸின் துள்ளல் பாட்டு: ஒரு புதுப்பிப்பு

போன வாரம் கார்ப்பென்டர்ஸ் என்ற அமெரிக்க பாப் இசைக் குழுவின் அண்ணன் தங்கை பாடிய 'ஆல் யூ கெட் ஃப்ரம் லவ் இஸ் எ லவ் சாங்' என்ற பாட்டைப் பற்றி எழுதி, அவர்களுடைய 'யேஸ்டர்டே ஒன்ஸ் மோர்' தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியவில்லையே என்று ஆதங்கப்பட்டிருந்தேன். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காமல் நல்ல ஹெட்போனில் கேளுங்கள் என்று பலர் சொன்னீர்கள். கேட்டேன். ஈரோட்டிலிருந்து கோபி போகும் பஸ்ஸில், ஜன்னலோரம், ஐந்து தடவை.

சாக்ஸபோன் வரும் இடம் எனக்கு முன்பே பிடிக்கும். இப்போது பின்னால் அடுக்கடுக்காக வரும் குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. தங்கை கேரனின் குரல் அடித்தொண்டையில் நிதானமாக நிற்க, தாளம் மட்டும் முன்னால் ஓடுகிறது. அந்த இழுபறிதான் பாட்டின் உயிர் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். மல்லி ஆய்ந்துகொண்டே தலையாட்டிக் கேட்டார். காதலில் கடைசியில் மிஞ்சுவது ஒரு காதல் பாட்டு மட்டும்தான் என்று பாடுகிறார்கள் என்றேன். கை அப்படியே நின்றது. "ஏங்கண்ணு, இது சோகப் பாட்டுங்களா? கல்யாண வீட்டுப் பாட்டாட்டம் இருக்குதே!" என்றார். அப்புறம், "இன்னொருக்கா போடு."

அப்புறம் ஒரு தகவல்: இது 1977-இல் வந்த 'பேசேஜ்' ஆல்பத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 35-ஆம் இடம் வரைதான் போனது. அநியாயம். அடுத்து அந்த ஆல்பம் முழுவதையும் கேட்கப் போகிறேன், அத்தையோடு.