மன்முனை எட்டெழுத்தோடு நிற்குமா? டொஸ் பூட் டிஸ்க்கில் நீளப் பெயர் ஃபோல்டர்

வாவிக்கரை:
பழைய மெஷின் பகுதியில் எருவிலான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. "விண்டோஸ் 98 பூட் புளொப்பியைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஃபோல்டர் உண்டாக்கும் எம்டி கட்டளை ஒரே ஒன்று. மட்டக்களப்பு, அதற்குள் மன்முனை வடக்கு, அதற்குள் வருடம் என்று மூன்று ஃபோல்டரும் முழுப் பெயரோடு வந்தன" என்கிறார். அதற்குக் கைதட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

பூட் புளொப்பி என்றால் விண்டோஸ் இல்லாமலே மெஷினை எழுப்பும் டிஸ்க். அதில் வருவது டொஸ், கட்டளை அடித்து வேலை வாங்கும் பழைய சிஸ்டம். டொஸ்ஸில் பெயர் என்றால் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, பின்னால் மூன்று எழுத்து. மட்டக்களப்பை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. டொஸ் எட்டோடு வெட்டிவிடும், கடைசி ஓவும் ஏயும் வாவிக்குள்தான். அந்த மாவட்டத்துப் பிரிவான மன்முனை வடக்கைச் சேர்த்து எழுதினால் மன்முனை மட்டும் மிஞ்சும். அந்தச் சொல் ஆங்கிலத்தில் அளவெடுத்தாற்போல எட்டெழுத்து.

எருவிலான்:
உங்களுக்கு நித்திரை வராததற்கு நான் பொறுப்பில்லை. பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன், வந்தது, கண்ணால் பார்த்தேன். இன்னொன்று, 98 புளொப்பியில் இருப்பது பழைய டொஸ் 6.22 இல்லை ஐயா, டொஸ் 7.1. நீங்கள் இன்னும் 1994இலேயே நிற்கிறீர்கள். போன மாதம் பென் டிரைவ் கதையில் வாங்கிக் கட்டியதன் கோபம் இதில் தெரிகிறது.

வாவிக்கரை:
பென் டிரைவை ஏன் இழுக்கிறீர்? அன்று நான் சொன்னதும் சரிதான். 98க்கு டிரைவர் போடாமல் அது தெரியாது.

7.1 என்றால் ஃபாட்32 முறையில் ஒழுங்கு செய்த டிஸ்க்கைப் படிக்கும். நீளப் பெயர் அதோடு ஒட்டி வருவதில்லை. நீளப் பெயருக்கு, நிரல்கள் டொஸ்ஸிடம் வேலை கேட்கும் வாசலான இன்டரப்ட் 21இல் 71 என்று தொடங்கும் சேவைகள் வேண்டும். ஃபோல்டர் உண்டாக்க 7139. அந்தச் சேவைகளைத் தருவது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ். விண்டோஸ் ஏறாத இடத்தில் கேட்க ஆளில்லை. மேற்கோள் குறி ஒன்று போட்டாலும் பத்துப் போட்டாலும் எட்டெழுத்துத்தான்.

கல்முனைக்காக்கா:
நடுவில் ஒரு விசயம். கல்முனை ஆங்கிலத்தில் மிகச் சரியாக எட்டெழுத்து. அம்பாறை ஆறு. டொஸ் செய்தவனுக்கு எங்கள் மாவட்டத்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது. மட்டக்களப்பார் பெயரைத்தான் நீட்டி வைத்துவிட்டுக் கத்துகிறார்கள்.

பெட்டிக்கடை:
அக்கரைப்பற்றை எழுதிப் பாருங்க காக்கா. பன்னிரண்டு. சம்மாந்துறையும் பன்னிரண்டு. உங்கள் மாவட்டத்துக்கும் கத்தரி உண்டு.

சின்னமௌஸ்:
எனக்கு ஒன்று விளங்கவில்லை. வெட்டினால் வெட்டட்டுமே, ஃபோல்டர் வந்தால் காணாதா?

வாவிக்கரை:
காணாது தம்பி. 2001இல் நகரத்தில் ஒரு அலுவலகம். மெஷினில் விண்டோஸ் ஏறவில்லை, பூட் புளொப்பியைப் போட்டுக் கணக்குகளை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னார்கள். பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு ஃபோல்டர். மாவட்டத்தில் 14 பிரிவு, அதில் ஐந்து மன்முனை என்று தொடங்குகிறது: வடக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு, மன்முனைப்பற்று. நானும் அப்போது அவசரக்காரன், பெயர்களை நீளமாகவே அடித்தேன். முதல் ஃபோல்டர் மன்முனை என்று வந்தது. மற்ற நாலுக்கும் மாட்டேன் என்றது. ஐந்தையும் வெட்டினால் ஒரே பெயர், ஒரே பெயரில் இரண்டு வைக்க முடியாது. அந்தப் பிரிவுகளின் ஊர்களான ஆரையம்பதியையும் வவுணதீவையும் பட்டிப்பளையையும் ஒரே சட்டிக்குள் போடப் பார்த்த கதை. மறுகா மன்வட, மன்மேற் என்று சுருக்கி வைத்துக் கடதாசியில் ஒரு பட்டியலும் எழுதி ஒட்டினேன்.

இவரோ எம்டி அடித்தாராம், முழுப் பெயரோடு வந்ததாம். கல்லடிப் பாலத்தில் மீன் பாடுவது போல. பாடுகிறது என்று சொல்லாதவன் இல்லை, கேட்டவனைத்தான் தேடவேண்டும்.

எருவிலான்:
முதலில் எங்கள் பிரிவின் பெயரை முழுதாக எழுதப் பழகுங்கள். அது மன்முனை தெற்கு எருவில் பற்று. எருவிலை விழுங்கிவிட்டு மன்முனை தெற்கு என்று எழுதுகிறீர்கள். டொஸ் வெட்டினால் குற்றம், நீங்கள் வெட்டினால் சுருக்கமா?

வாவிக்கரை:
அயத்துப்போச்சு, அதற்காக வழக்கு வைக்காதீர். அந்த முழுப் பெயரையே எடுப்போம். ஆங்கிலத்தில் நடுவில் ஆண்ட் போட்டு எழுதினால் இடைவெளியோடு 31 எழுத்து. விண்டோஸ் நீளப் பெயரை 13 எழுத்துத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு 32 பைட் கொடுத்து டிஸ்க்கின் பெயர் அட்டவணையில் எழுதுகிறது. 31க்கு மூன்று துண்டு, விண்டோஸ் கூடவே வைக்கும் எட்டெழுத்துச் சின்னப் பெயருக்கு இன்னொன்று, ஆக 128 பைட். நீளத் துண்டுகளின் மேல் வாசிப்பு மட்டும், மறைவு, சிஸ்டம், வட்டுப்பெயர் என்ற நாலு முத்திரையையும் சேர்த்துக் குத்தி வைக்கிறது. டொஸ் அதைக் கண்டால் தனக்கில்லை என்று தாண்டிப் போய்விடும். பார்க்கவே தெரியாதவன் எப்படி எழுதுவான்? டொஸ்ஸில் நின்று ரென் அடித்துச் சின்னப் பெயரை மாற்றிப் பாருங்கள். துண்டுக்குள் சின்னப் பெயரின் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட கூட்டெண் ஒன்று இருக்கிறது, அது பொருந்தாமல் போய் நீளப் பெயர் அநாதையாகிவிடும்.

சம்மாந்துறை டீச்சர்:
நீங்கள் எல்லாரும் ஆங்கிலத்திலேயே எண்ணுகிறீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் ஐகன் எழுத்துருவையே, ஆங்கிலச் சாவிகளில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவாக மாற்றி ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தோம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிச் சாவியில் இருக்கிறது. டொஸ்ஸின் எட்டெழுத்துப் பெயரில் அரைப்புள்ளிக்கு இடமே இல்லை, விண்டோஸின் நீளப் பெயரில் உண்டு. மட்டக்களப்பில் மூன்று புள்ளி. பூட் டிஸ்க்கைப் போட்டு, பட்டியல் காட்டும் டிர் கட்டளையை அடித்தால் புள்ளி இருந்த இடத்தில் அடிக்கோடும், கடைசியில் நெளிகோடும் 1 என்ற இலக்கமும் நிற்கும். எங்கள் கேள்வித்தாள் ஃபோல்டரை அப்படித்தான் தேடி எடுத்தேன்.

பெட்டிக்கடை:
டீச்சர், இப்போது யுனிகோட் இருக்கிறதே?

சம்மாந்துறை டீச்சர்:
யுனிகோடில் மட்டக்களப்பு 12 குறி, ஒரு துண்டுக்குள் அடங்கும். கண்ணுக்கு எட்டு எழுத்துத்தான். டொஸ் பார்த்தால் சந்தோஷப்பட்டிருக்கும்.

வாவிக்கரை:
டீச்சர் சொல்வது வேறு விசயம். கேள்வி ஒன்றுதான்: பூட் புளொப்பியில் எட்டெழுத்தைத் தாண்டுமா? தாண்டாது.

கல்முனைக்காக்கா:
தாண்டும். டொஸ்எல்எஃப்என் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. புளொப்பியில் வைத்து முதலில் அதை ஏற்றினால் விண்டோஸ் இல்லாமலே அந்த 71 சேவைகளை அது கொடுக்கும். 98இன் கட்டளை வாங்கும் நிரலான கொமாண்ட் கொம் அதைப் பிடித்துக்கொள்ளும், மேற்கோளுக்குள் அடித்த பெயர் முழுதாக வரும். 6.22இன் கொமாண்ட் கொம்மால் முடியாது, அதற்கு நீளப் பெயரே தெரியாது.

எருவிலான்:
பார்த்தீர்களா? வரும்! காக்காவே சொல்லிவிட்டார்.

வாவிக்கரை:
நீர் அந்த நிரலை ஏற்றினீரா? நேற்று வரைக்கும் அதன் பெயராவது தெரியுமா? காக்கா, அது நிரல் கொடுத்தது, பூட் டிஸ்க் கொடுத்தது இல்லை. தயிரை ஊற்றிவிட்டுச் சட்டி புளிக்கிறது என்றால் எப்படி?

கல்முனைக்காக்கா:
நிரல் புளொப்பிக்குள்தானே கிடக்கிறது? அப்போது அது பூட் டிஸ்க் இல்லாமல் பாய் முடைகிற இடமா?

வாவிக்கரை:
விண்டோஸ் உண்டாக்கித் தருகிற பூட் டிஸ்க்கில் அது இல்லை. எட்டெழுத்து.

சின்னமௌஸ்:
நீளத்தை விடுங்கள் அண்ணன். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தட்டு ஃபோல்டரையும் ஒரே கட்டளையில் உண்டாக்கியதாகச் சொல்கிறாரே, அது நடக்குமா?

வாவிக்கரை:
நல்ல பிள்ளை, அங்கேதான் ஆள் பிடிபடுகிறார். டொஸ்ஸில் எம்டி கடைசித் தட்டை மட்டும் உண்டாக்கும். மேலே உள்ள தட்டு முன்பே இருக்கவேண்டும். முதலில் மட்டக்களப்பு, மறுகா அதற்குள் மன்முனை, மறுகா வருடம், மூன்று தடவை அடிக்கவேண்டும். 98க்குள் திறக்கிற டொஸ் ஜன்னலிலும் அதே கதைதான், அங்கே நீளப் பெயர் வரும், ஒரே அடியில் மூன்று தட்டு வராது. இரண்டும் சேர்ந்து வருவது விண்டோஸ் 2000, எக்ஸ்பியின் சிஎம்டி என்ற கட்டளை ஜன்னலில். எருவிலான், ஒன்று கேட்கிறேன். திரை முழுக்கக் கறுப்பா, இல்லை மேலே நீலப் பட்டி ஒன்று இருந்ததா?

எருவிலான்:
முழுக்கக் கறுப்பு. ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அடித்தால் முழுத்திரைதானே.

பெட்டிக்கடை:
ஐயோ.

வாவிக்கரை:
ஆல்ட் என்டர்! பூட் டிஸ்க்கில் ஆல்ட் என்டர் அடித்து எந்த ஜன்னலைப் பெரிதாக்கினீர்? புளொப்பி டிரைவுக்குள் கிடந்தது, மெஷின் எக்ஸ்பியில் ஏறியிருக்கிறது. அதுவும் டொஸ்ஸுக்குப் படிக்கத் தெரியாத என்டிஎஃப்எஸ் முறை டிஸ்க் என்றால் உம்முடைய பூட் புளொப்பிக்கு சி டிரைவே தெரிந்திராது.

எருவிலான்:
புளொப்பி சத்தம் போட்டது, விளக்கு எரிந்தது, பூட் ஆனது. ஆல்ட் என்டர் வேறொரு நாள் அடித்தது. கறுப்புத் திரையில் எம்டி அடித்தால் அது டொஸ். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும். களுவாஞ்சிகுடியில் மாமா வீட்டு மெஷின் இன்னும் கிடக்கிறது, ஞாயிறு போய் வீடியோ எடுத்துப் போடுகிறேன். அப்போது எங்கள் பிரிவின் பெயரையும் முழுதாகக் காட்டுகிறேன், எருவிலோடு.

வாவிக்கரை:
வீடியோவில் மெஷின் ஓஃப் ஆக இருப்பதிலிருந்து தொடங்கவேண்டும். இடையில் வெட்டக்கூடாது.

பெட்டிக்கடை:
வெட்டினால் எட்டோடு வெட்டவும்.

கல்முனைக்காக்கா:
ஞாயிறு வரைக்கும் நல்ல புளொப்பி கிடைக்குமா என்று பாருங்கள். என்னிடம் மூன்று இருக்கிறது, இரண்டு பூஞ்சணம் பிடித்தது. அப்புறம் வாவிக்கரை, டொஸ்எல்எஃப்என் ஏற்றினால் அது பூட் டிஸ்க்தான். நான் அதை விடவில்லை.

வாவிக்கரை:
எட்டெழுத்து.