துரை பங்களா பியானோ: மிதித்தால் புஸ் சத்தம்தான் வருகிறது, உதவி தேவை

செம்பனைக்காரன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு துரை பங்களாவை உடைத்தபோது, மிதித்தால் தானாக வாசிக்கும் பியானோவை 300 வெள்ளிக்கு எடுத்து வந்துவிட்டேன். காகிதச் சுருளில் 88 என்று போட்டிருக்கிறது. விரலால் அடித்தால் எல்லாக் கட்டையும் பேசுகிறது, ஆனால் மிதி லேசாக இறங்கிப் போகிறது, சுருள் ரெண்டு அங்குலம் நகர்ந்து நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு கட்டை மட்டும் மிதித்ததுமே தானாக அமுங்கிக் கிடக்கிறது. உள்ளே ரப்பர் குழாய்கள் முறுக்கு மாதிரி நொறுங்குகின்றன. துருத்தித் துணிமேல் சிலிக்கான் பூசிவிடலாமா?

ஹார்மோனிய அண்ணன்:
தம்பி, சிலிக்கானைக் கீழே வையுங்கள்! ஒருமுறை பூசினால் அப்புறம் அந்த மரத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது.

இது ஹார்மோனியம் மாதிரி ஊதுகிற சாமான் இல்லை, உறிஞ்சுகிறது. சுருளின் ஓட்டை, அது உரசி ஓடும் பித்தளைப் பட்டையின் ஓட்டைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று குழாய்க்குள் புகுந்து சின்னத் தோல் பையை உப்ப வைக்கும், பை வால்வைத் தூக்கும், அந்தச் சுரத்தின் குட்டித் துருத்தி சுருங்கிச் சுத்தியலை இயக்கும். குழாய் உடைந்தாலும் அதே காற்றுதானே நுழைகிறது? உங்கள் நடுக்கட்டை கதை அநேகமாக அதுதான்.

88 என்றால் 88 கட்டைக்கான சுருள், நல்ல சேதி. 1908இல் அமெரிக்காவின் பஃபலோவில் தயாரிப்பாளர்கள் கூடி ஒத்துக்கொண்ட அளவு: 11¼ அங்குல அகலம், அங்குலத்துக்கு 9 ஓட்டை. வேறு கம்பெனிச் சுருளும் ஓடும்.

முதலில் கீழ்த்துருத்தியிலிருந்து மேலே போகும் பெரிய குழாய்களைக் கழற்றி, வாய்களை அடைத்துவிட்டு மிதியுங்கள். கனமானால் ஓட்டை மேலே, அப்போதும் லேசாக இருந்தால் கீழே.

செம்பனைக்காரன்:
அடைத்துப் பார்த்தேன் அண்ணே, அப்போதும் லேசுதான். துணி மடிப்பெல்லாம் விரிந்து கிடக்கிறது, அதன்மேல் யாரோ வெள்ளைப் பசையில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பால்மரம் சீவிய ஊரில் இருந்துகொண்டு ரப்பர் துணிக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஹார்மோனிய அண்ணன்:
அந்த வெள்ளைப் பசை மரத்துக்குள் இறங்கியிருக்கும், புது மரம் தெரியும்வரை சுரண்டியே ஆக வேண்டும். புதுத்துணியை வஜ்ஜிரத்தில், அதாவது தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையில் ஒட்டுங்கள். கொதிக்க விடாமல், சட்டிக்குள் சட்டி வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்கினால் போதும். அடுத்து பிரிப்பவன் சூடு காட்டினாலே விட்டுக்கொடுக்கும். குழாய்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் நம்பர், மறக்காதீர்கள்.

ஆசாரி மகன்:
தோல் பைக்குச் சைக்கிள் டியூப் வெட்டிப் போடாதீர்கள், நான் போட்டுப் பட்டேன். கனம் தாங்காமல் வால்வு எழும்பவே இல்லை.

செம்பனைக்காரன்:
நல்லவேளை, டியூப்பை வெட்ட இருந்தேன். இன்று 40 குழாய்க்கு நம்பர் ஒட்டிவிட்டேன். வீட்டில் சாப்பாட்டு மேசையைத் திருப்பிக் கேட்கிறார்கள்.