புதுப்பிப்பு: டொமைன் மாற்றியதும் கூகுளில் கீழே போன சாறிக்கடை

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: வெள்ளவத்தையில் அக்கா நடத்தும் சாறிக்கடையின் தளத்தை டொட் கொம்மிலிருந்து டொட் எல்கேக்கு மாற்றினோம், இரண்டே வாரத்தில் தேடலில் கடையைக் காணவில்லை என்று.

காரணம் பிடிபட்டுவிட்டது. தளம் செய்து தந்தவர் பழைய பக்கங்கள் அத்தனையையும் புதிய முகப்புக்கே திருப்பிவிட்டிருந்தார். கூறைச் சேலை பக்கத்தைத் தட்டினாலும் முகப்பு, பருத்திச் சாறியைத் தட்டினாலும் முகப்பு. இப்படிச் செய்தால் கூகுள் அதை சொஃப்ட் 404 ஆக, அதாவது இல்லாத பக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடும். போதாததற்கு எல்லாத் திருப்பலுக்கும் போட்டிருந்த குறியீடு 302. அது தற்காலிக மாற்றத்துக்கானது. நிரந்தரமாக இடம் மாறினால் 301 தான் போட வேண்டும்.

இரண்டு இரவு அக்காவும் நானும் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய முகவரியை எக்செல்லில் எழுதினோம். “தம்பி, இந்த மணிப்புரி எங்கே போகுது?” என்று அவர் கேட்கக் கேட்க நான் தட்டினேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் 301, இடையில் வேறு முகவரி எதற்கும் போகாமல் நேராகப் புதியதற்கே. தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் முகவரி மாற்றத்தையும் அறிவித்தோம்.

நேற்று கூறைச் சேலை பக்கம் மீண்டும் முதல் பக்கத்தில் வந்தது. மற்றவை மெதுவாக ஏறுகின்றன. பழைய டொமைனை விட்டுவிடலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். திருப்பல்களைக் குறைந்தது 1 வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நாங்கள் அதற்குமேலும் கட்டணம் கட்டப்போகிறோம்.