ஒரே வாரத்தில் இத்தனை பாடம், ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: பையன் ஏழாவது. இந்த வாரம் கணக்கில் குறை முழுக்கள், அறிவியலில் ஒளிச்சேர்க்கை, புவியியலில் மலை, சமவெளி, அப்புறம் வரலாறு, இலக்கணம் எல்லாம் ஓடிவிட்டது. திங்கள் நடத்தியதை வெள்ளிக்கிழமை கேட்டால் முழிக்கிறான். தினமும் எல்லாப் பாடத்தையும் திரும்பப் படிக்க வைக்கணுமா?

பதில் 1: வேண்டாங்க. படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே தன்மேலேயே சோதனை செய்து எழுதிவிட்டார், அதனால் பையனைத் திட்டாதீங்க. புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடியும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இதுதான் நிற்கும்.

பதில் 2: பாடங்களைக் கோத்துவிடுங்கள். எவரெஸ்ட் கடல் மட்டத்துக்கு மேலே 8,849 மீட்டர், சாக்கடலின் கரை கீழே சுமார் 430, அதாவது −430. இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் என்ன என்று கேளுங்க. 8,849 − (−430) ஏன் கூட்டலாக மாறுகிறது என்பது படம் போட்டாலே தெரிந்துவிடும், விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். புவியியலும் முடிந்தது!

பதில் 3: ஒளிச்சேர்க்கைக்கு அயோடின் சோதனை. இலையின் பச்சையை ஆல்கஹாலில் நீக்கிவிட்டு அயோடின் விட்டால், ஒளிச்சேர்க்கையால் இலையில் சேர்ந்த ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கும் இடம் கருநீலமாகும். ஆல்கஹாலை நேரடியாகத் தீயில் வைக்கக்கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்கணும், அதையும் பெரியவங்கதான் செய்யணும்.

கேள்வி கேட்டவர்: சரி, சாக்கடல் கணக்கை இன்றைக்கே போட்டுப் பார்க்கிறோம். இலக்கணத்துக்கும் யாராவது வழி சொல்லுங்களேன்?