அப்போப்டோசிஸ்: ‘தன்னுதிர்வு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

செல்கள் உடலின் தேவைக்கேற்ப ஒழுங்காகத் தாமே மடிவதை அப்போப்டோசிஸ் (apoptosis) என்கிறோம். பள்ளிப் பாடத்துக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் நான் முன்வைப்பது ‘தன்னுதிர்வு’. இங்கே வந்த ‘செல் தற்கொலை’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை, ஐயா. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பாடத்தில் அந்தச் சொல் வேண்டாம். பொருளும் ஒட்டவில்லை. கருவில் வளரும் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போல இருக்கிறது. இடையிலுள்ள செல்கள் மடிந்த பிறகே விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. தலைப்பிரட்டையின் வால் மறைவதும் இவ்வாறே. உடலை உருவாக்கும் வேலைக்கு அத்தனை துயரமான பெயரா?

மற்றொரு பரிந்துரையான ‘திட்டமிட்ட செல் இறப்பு’ நல்ல சொல்தான். ஆனால் அது பெருவகையின் பெயர். அப்போப்டோசிஸ் அதில் ஒரு வகை.

1972இல் கெர், வில்லி, கரி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இந்நிகழ்வுக்குப் பெயர் தேடியபோது, அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்த சொல் இது. மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதை அது குறிக்கிறது. நமக்கு இதைவிட நெருக்கமான உவமை உண்டா? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று பூவின் பருவங்களைப் பிரித்தவர்கள், உதிரும் பருவத்துக்கு ‘வீ’ என்று பெயரிட்டார்கள். வீதல் என்றால் இறத்தலும்கூட. இரண்டு பொருளும் ஓரெழுத்தில்! அதையே வைக்க மிகவும் ஆசைப்பட்டேன். ஆனால் ‘செல்வீ’ என்று எழுதினால் மாணவர்கள் ‘செல்வி’ என்றே படிப்பார்கள். விட்டுவிட்டேன்.

‘செல் உதிர்வு’ என்றால் தோலிலிருந்து இறந்த செல்கள் உதிர்வதோடு குழம்பும் என்ற மறுப்பு மிகச் சரி. அதனால்தான் ‘தன்’ சேர்த்து ‘தன்னுதிர்வு’ என்கிறேன். செல் தன் உள்ளிருந்து எழும் கட்டளையாலோ வெளியிலிருந்து வரும் சைகையாலோ சுருங்கி, சவ்வு சூழ்ந்த துணுக்குகளாகப் பிரிகிறது. அவற்றை அண்டைச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. தீக்காயத்தில் மடியும் செல் அப்படியன்று. உப்பி வெடித்து, உள்ளிருப்பதைக் கொட்டி, அழற்சியை உண்டாக்குகிறது. அது ‘நசிவு’ (necrosis). இரு சொற்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு பாதி விளங்கிவிடும்.

இலங்கைப் பாடநூல்களின் ‘கலம்’ என்ற சொல்லோடும் இது இசைகிறது: கலத் தன்னுதிர்வு. வாக்கியத்தில் இட்டும் பார்த்தேன்: “புற்றுநோய்ச் செல்கள் பல, தன்னுதிர்வுக்கு உட்படாமல் பெருகிக்கொண்டே போகின்றன.” என் காதுக்கு உறுத்தவில்லை. வகுப்பில் பாடம் நடத்துபவர்கள் உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.