மதுரைப் பக்கத்து மலைகளைப் பற்றிய இணையக் குழு உரையாடல். சமண மலை, அரிட்டாபட்டி, கீழவளவு: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

தாமரைக்குளம்:

சமண மலையில் செட்டிப்புடவுக் குகையில் செதுக்கியிருக்கிற மகாவீரரை இந்தக் குழுவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பதினைந்து பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மலை இருக்கிற கீழக்குயில்குடி போவோம், குப்பை பொறுக்குவோம், வருகிற பிள்ளைகளுக்குப் பாறையில் உள்ள வட்டெழுத்தை, அதாவது பழைய தமிழ் எழுத்தை, காட்டுவோம். போன பங்குனியில், ஏறுகிற வழியில் பாறை மேல் பெயிண்டில் எழுதியிருக்கிற பெயர்களை அழிப்பது என்று முடிவு செய்தோம். கம்பி பிரஷ், தின்னர், இரண்டு குடம் தண்ணீர். காலை எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது.

ஆடு மேய்க்கிற பாட்டி ஒருவர் வந்து நின்றார். "என்னத்தா பண்ணுறீக?" என்றார். பேரை அழிக்கிறோம் என்றேன். குனிந்து, நான் தேய்த்த இடத்தை ஒரு விரலால் தடவி, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கோலமாவு மாதிரி கல்தூள். "பெயிண்டு போகுது, சரி. பாறையும்ல கூடப் போகுது. செட்டியார் மேல இதைக் கொண்டுபோய் வச்சிராதீக."

காது நீண்ட அந்த மகாவீரரைத்தான் ஊரில் செட்டியார் என்பார்கள். நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குள் நிறைய தேய்த்தாகிவிட்டது. அந்த வெள்ளைத் திட்டு இன்றும் இருக்கிறது. ஏறும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

கழிஞ்சமலை:

மேலே எழுதியவர் வருத்தப்படுகிறார், புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மலையைக் காப்பது ஞாயிற்றுக்கிழமைக் குழு இல்லை, அந்தப் பாட்டிதான். நான் அரிட்டாபட்டி. எங்கள் மலையில் குடைவரைச் சிவன் கோயிலும் தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் இவ்வளவு காலம் தப்பித்திருப்பது ஊர்க் கட்டுப்பாட்டால். 2022 நவம்பரில் அரசு இதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது, 193 ஹெக்டேர். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது.

இனி என் கதை. அதற்கு ஒரு வருடம் முன்னால் வல்லூறு பார்க்க மதுரையிலிருந்து ஒரு குழு வந்தது. கழுத்தில் பைனாகுலர் போட்டிருந்த அக்கா ஒருவரிடம், "படம் எடுத்துட்டுப் போயிருவீங்க, அதுக்கப்புறம் எங்களை யாரு நினைக்கப் போறா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை.

2025 ஜனவரி 7. சுரங்க ஏலத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி நடக்கிறோம். நான்குவழிச் சாலையில் எங்கம்மா செருப்பு வார் அறுந்துபோனது. பக்கத்தில் வந்த ஒருவர் தன் செருப்பைக் கழற்றி அம்மா காலடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நிமிர்ந்து பார்த்தால் அதே அக்கா. கூட்டம் தள்ளியதில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. 23ஆம் தேதி ஏலம் ரத்து. ஊரே வெடி போட்டது. அந்தச் செருப்பு இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, அம்மா அதைப் போடுவதில்லை. அவர் இதைப் படித்தால் ஒரு தடவை வீட்டுக்கு வர வேண்டும்.

சமூக அறிவியல் டீச்சர்:

கழிஞ்சமலை தம்பி, ஊர், குழு என்று பிரிக்காதீர்கள். கீழவளவில் ஊர் மட்டும் தனியாக என்ன செய்திருக்க முடியும்?

நான் சொல்வது 2011, குவாரிகள் உச்சத்தில் இருந்த நேரம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கீழவளவில் இருக்கிற பஞ்சபாண்டவர் மலைக்குப் போயிருந்தேன். சமணத் துறவிகளின் கற்படுக்கைகளுக்கு மேலே உள்ள கல்வெட்டு தெரியுமல்லவா, எழுத்துகள் திரும்பிக் கிடக்கும், தொண்டி ஊர்க்காரர் செய்து கொடுத்த பள்ளி (துறவிகள் தங்குமிடம்) என்று வருமே, அதுதான். ஈராயிரம் வருடம் பழசு. ஒரு பிள்ளை பையிலிருந்து சின்ன முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து, "இதுல பார்த்தா நேரா தெரியுமா டீச்சர்?" என்று மேலே தூக்கிப் பிடித்தாள். நாங்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறோம். அந்த நேரம் பார்த்து குவாரியில் வெடி. சத்தத்தைவிட எனக்கு நினைவிருப்பது கண்ணாடிக்குள் அந்த எழுத்துகள் நடுங்கியதுதான். பிள்ளை கையை இறக்கவில்லை. "டீச்சர், மலை நடுங்குதா, நான் நடுங்குறேனா?" என்றாள்.

2012க்கு அப்புறம் குவாரிகளை மூடினார்கள். இப்போது அங்கே பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து ரூபாய் வில்லை:

என் அனுபவம் சின்னது. ஒரு மலை விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை மனு கொடுத்தேன், நான்கு முறையும் "வரவில்லை" என்றார்கள். ஐந்தாவது முறை அங்கிருந்த எழுத்தர் ஒருவர் படியில் என் பின்னால் வந்து, "ஒப்புகைச் சீட்டு வாங்காமப் போகாதீங்க சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியவர்களுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். தாமரைக்குளம், கம்பி பிரஷ் கூடவே கூடாது. தின்னரும் ஆசிடும் அப்படித்தான். பெயிண்டைக் கரைத்துப் பாறையின் நுண்துளைக்குள் இறக்கிவிடும். கல்வெட்டு தெளிவாகத் தெரிய சாக்பீஸ் பூசுகிறார்களே, அதையும் நிறுத்துங்கள். காலை ஒன்பதுக்குள், மாலை நான்குக்கு மேல் சாய்வெயிலில் எழுத்து தானாகத் தெரியும். இல்லையென்றால் பக்கவாட்டில் ஒரு டார்ச் போதும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் சுத்தம் செய்யவும் எழுத்தில் அனுமதி வேண்டும். அங்கே 100 மீட்டருக்குள் கட்டடமும் சுரங்கமும் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதியோடு மட்டும்.

மனுவில் மலையின் பெயரை மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது, சர்வே எண் வேண்டும். அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகலும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) வாங்கி வையுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். தகவல் உரிமை மனு என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் போடுங்கள். அரிட்டாபட்டி மாதிரி அறிவிப்பு வேண்டுமென்றால் 2002 பல்லுயிர்ச் சட்டம் 37ஆம் பிரிவு...

கழிஞ்சமலை:

ஐயா, அந்த அறிவிப்பு இருந்தும்தான் ஏலம் விட்டார்கள். கிராம சபைத் தீர்மானமும் போட்டோம், மனுவும் கொடுத்தோம். நீங்கள் சொல்வது எல்லாம் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. கடைசியில் ஊரே சாலையில் இறங்கி நடந்ததால்தான் ஏலம் நின்றது.

தம்பி:

இதுவரை நான் இங்கே எழுதியதில்லை. தாமரைக்குளம் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

சமண மலையில் ஏறுகிற வழியில் இருந்த பெயர்களில் ஒன்று என் அண்ணனுடையது. 1998, அவன் பன்னிரண்டாவது. புது சைக்கிள் வாங்கிய வாரம் என்னையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். மஞ்சள் பெயிண்ட். பெயரை எழுதி, பக்கத்திலேயே சைக்கிளையும் வரைந்தான். தப்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, இப்போது தெரியும். அடுத்த வருடம் அண்ணன் இல்லை. வீட்டில் அவன் கையெழுத்து என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அதனால் அவன் நினைவு நாளுக்கு நான் அங்கே போவேன். தேங்காய் பழம் எதுவும் கிடையாது, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

நீங்கள் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அவன் எழுதியிருக்கக் கூடாத இடம். இந்த வருடம் போகலாமா என்று மட்டும் தெரிய வேண்டும்.

தாமரைக்குளம்:

தம்பி, நேற்றுக் காலை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பாட்டி வந்து நின்றபோது நான் தேய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். சைக்கிளின் முன் சக்கரமும், பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் இருக்கின்றன. மற்றது போய்விட்டது.

நினைவு நாள் என்றைக்கு என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.