நரகாசுரனால போன ஒரு புள்ளி: பிள்ளைகளும் சமய வகுப்பும், உங்கட அனுபவம்?

ஹேரோ அம்மா (லண்டன்):

போன ஐப்பசியில நடந்தது. மகள் இயர் 7. ஆர்.ஈ. (சமயக் கல்வி) பாடத்தில சின்னச் சோதினை. தீபாவளி எதுக்காகக் கொண்டாடுறது எண்டு ஒரு கேள்வி. பிள்ளை, "நரகாசுரன் செத்த நாள், அவனே கேட்ட வரம்" எண்டு எழுதியிருக்கிறாள். அதுக்குப் பக்கத்தில ஒரு புள்ளடி. "ராமர் அயோத்திக்குத் திரும்பிய நாள்" எண்டு ரீச்சர் திருத்தியிருந்தா.

கொப்பியை மேசையில போட்டுட்டு, "அம்மம்மா சொன்னது பிழையாம்" எண்டு சொல்லி மேல ஏறிப் போட்டாள். ஒரு புள்ளி போனது எனக்குப் பெரிசில்லை. அந்தச் சொல்லுத்தான் குத்தினது.

இங்க பள்ளிக்கூடத்தில சமயப் பாடம் எல்லாருக்கும் இருக்கு. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி கிறிஸ்தவத்துக்கு முதலிடம், நாட்டில இருக்கிற மற்றப் பெரிய சமயங்களும் வரவேணும். விருப்பமில்லாட்டி தாய் தேப்பன் பிள்ளையை அந்த வகுப்பிலயிருந்து எடுக்கலாம். தெரிஞ்ச ஒருத்தர் எடுக்கச் சொல்லித்தான் புத்தி சொன்னவர். எனக்கு மனம் வரேல்லை.

ரீச்சருக்கு இமெயில் போட்டன். வாங்கோ, கதைப்பம் எண்டா. நல்ல மனுசி, குறை சொல்ல ஏலாது. அவவிட்ட இருந்த புத்தகத்தில தீபாவளிக்கு அரைப் பக்கம். அரைப் பக்கத்துக்குள்ள ராமர் மட்டுந்தான் கொள்ளுவார். கண்ணன், சத்தியபாமா, விடியக் காலமை எண்ணெய் முழுக்கு எல்லாம் நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. பிறகு கேட்டா: "உங்கட புனித நூல் பகவத் கீதைதானே?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. எங்கட வீட்டில கீதை இல்லை. தேவாரப் புத்தகம் இருக்கு. அம்மா வெள்ளிக்கிழமையில சிவபுராணம் படிப்பா. ஊரில அந்தப் பாடத்துக்குப் பேரே சைவநெறி. ஆறுமுக நாவலரின்ர சைவ வினாவிடை இப்பவும் பாடம்: உலகத்துக்குக் கருத்தா யாவர்? சிவபெருமான். நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். ஆனா அந்தக் கேள்வியை இங்க ஒருத்தரும் கேக்கிறேல்லை. உங்களுக்கு எத்தினை கடவுள், ஏன் யானைத் தலை, மாட்டைக் கும்பிடுறனீங்களோ? இதுகளைத்தான் என்ர பிள்ளையிட்டக் கேக்கிறாங்கள்.

(நாவலரும் இந்த இக்கட்டில நிண்ட மனுசன்தான். மிசன் பள்ளிக்கூடத்தில படிச்சு, பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில வேலை செய்து, பிறகு 1848இல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் துவங்கினவர். கேள்வி கேட்டுப் பதில் சொல்லுற அந்தப் பாணியும் பாதிரிமாரிட்ட இருந்ததுதான். அவர் தன்ர காலத்துக் கேள்விக்கு எழுதினார்.)

அடுத்த கிழமை ரீச்சர், எல்லாரும் வீட்டில கேட்டுக்கொண்டு வாங்கோ எண்டு விட்டிட்டா. குஜராத்திப் பொடியன் ராமரோட புதுக் கணக்குப் புத்தகப் பூசையையும் சொன்னானாம். சீக்கியப் பிள்ளை, குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டையிலயிருந்து 52 அரசர்களையும் கூட்டிக்கொண்டு வெளிய வந்த நாள் எண்டு சொல்லியிருக்கு. எங்கடை நரகாசுரன். புள்ளி மட்டும் திரும்பி வரேல்லை.

மற்ற நாடுகளில எப்பிடி? எழுதுங்கோ.

ஈப்போ சார் (மலேசியா):

அம்மா, இங்க முஸ்லிம் பிள்ளைங்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மத்தவங்களுக்கு நன்னெறிக் கல்வி. நான் எஸ்.பி.எம். (படிவம் 5 அரசாங்கத் தேர்வு) எழுதின காலத்துல 36 நெறிகளையும் வரையறையோட மனப்பாடம் பண்ணணும், ஒரு சொல் மாறக்கூடாது. நம்ம சமயம் படிக்கணும்னா கோயிலுக்குத்தான் வரணும். பதினோரு வருஷமா ஞாயித்துக்கெழமை காலையில ஒன்றரை மணி நேரம் கோயில் மண்டபத்துல வகுப்பு எடுக்கறேன்.

வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சீனப் பள்ளி, தேசியப் பள்ளிப் பிள்ளைங்க. அவங்களுக்குத் தேவாரத்தை ரூமி எழுத்துல, அதாவது ஆங்கில எழுத்துல, அச்சடிச்சுக் கொடுப்போம். ழகரத்துக்கு இசட், எச் போட்டிருக்கும். ஒரு பையன் 'நீழலே'ங்கறதை "நீஸாலே"ன்னு கண்ணை மூடி உருகிப் பாடினான். யாருக்கும் சிரிக்க மனசு வரல.

இந்து சங்கத்தோட திருமுறை ஓதும் போட்டியில, படிவம் 2 படிக்கற பிள்ளை ஒருத்தி அப்பரோட 'மாசில் வீணையும்' தேவாரத்தைப் பாடிப் பரிசு வாங்கினா. கோப்பையைப் பள்ளிக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. பக்கத்துல உக்கார்ற சீனப் பொண்ணு பாடிக் காட்டச் சொல்லியிருக்கா. பாடினதும், என்ன அர்த்தம்னு கேட்டிருக்கா. இவளுக்குத் தெரியல. அடுத்த ஞாயிறு நேரா என்கிட்ட வந்தா. "சார், நீங்க சொல்லியே கொடுக்கல!"

உண்மைதானே. ராகம் சொன்னேன், உச்சரிப்பு சொன்னேன், கையை எப்படி வெச்சுக்கறதுன்னுகூடச் சொன்னேன்.

அன்னிக்குப் பயிற்சிய நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய பாக்கச் சொன்னேன். ஈப்போல எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்றுதான். அந்தக் கல்லைச் சூளையில வெச்சுச் சுட்டாத்தான் சுண்ணாம்பு. "அந்த மாதிரி சூளைக்குள்ள ஒரு பெரியவரை ஏழு நாள் அடைச்சு வெச்சாங்க. சமயம் மாறினார்ங்கறதுக்காக. உள்ள இருந்து பாடினதுதான் இது"ன்னேன். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கற குளம். சூட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "ஏர்கான் இல்லாமலா சார்?"னு ஒரு வாண்டு கேட்டான். அதுக்கப்புறம் அவனே ஒரு தடவை பாடிப் பாத்தான், மெதுவா.

சமணர் பகுதி வந்தப்பதான் தடுமாறினேன். கதையில அவங்கதான் அடைக்கச் சொன்னவங்க. அவனவன் பக்கத்துல மலாய்க்காரன், சீனன், கிறிஸ்தவன்னு உக்காந்து படிக்கற பிள்ளைங்க. வேற சமயத்துக்காரன்னா கெட்டவன்னு மனசுல விழுந்துடக் கூடாது. "பெரிய புராணம் சொல்ற கதை இது, சொன்னவங்க சைவங்க, சமணர்கிட்ட கேட்டா வேற மாதிரி சொல்லலாம்"னு சொல்லி வெச்சேன். அது போதுமான்னு இன்னும் யோசிக்கறேன்.

தோ பாயோ (சிங்கப்பூர்):

1986இல் நான் உயர்நிலை 3. அப்போது இங்கே சமய அறிவு கட்டாயப் பாடம். பைபிள், பௌத்தம், இந்து, இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி, இவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் இந்து பாடத்துக்கு ஆள் சேரவில்லை, நான் பௌத்தம் எடுத்தேன். 1989இல் அந்தக் கட்டாயத்தையே கைவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். முருகனுக்கு ஏன் இரண்டு மனைவி என்று மகன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. எண்வகை மார்க்கத்தை மட்டும் இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன்.

ஸ்காபரோ (கனடா):

எல்லாத்துக்கும் விளக்கம் வேணுமோ? என்ர பொடியன் கோயிலுக்கு மேளம் பாக்கத்தான் வாறவன். தவில் அடிக்கத் துவங்கினா அசையமாட்டான். அதுவும் சமயப் படிப்புத்தான். நாலு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சாத்தான் இந்து எண்டால், என்ர அப்பாவும் பெயில்.

பேர்ண் (சுவிஸ்):

ஸ்காபரோக்காரர் சொல்லுறதும் சரிதான். இங்க ஒயிரோப்பா பிளாட்ஸில 'சமயங்களின் இல்லம்' 2014 மார்கழியில திறந்தது. எங்கட சிவன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம், துருக்கி அலெவிச் சமயத்தவரின்ர மண்டபம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. எங்கட கோயிலில பூசை தமிழில. சுவிஸ் பள்ளிக்கூடப் பிள்ளையள் வகுப்பு வகுப்பா வந்து பாப்பினம்.

ஒருநாள் என்ர மகன்ர வகுப்பே வந்தது. அவனுக்கு 15. விடிய எழும்பி வயித்துக்குத்து எண்டான், நான் விடேல்லை. உள்ள அபிசேகம் நடந்துகொண்டிருந்ததாம். "ஏன் சிலைக்குப் பால் ஊத்தினம்?" எண்டு கூட்டாளி கேட்டிருக்கிறான். இவன், "தெரியாது. ஆனா இதுக்குப் பிறகு திரை விலக்கிறது வடிவா இருக்கும், நில்லு" எண்டிருக்கிறான். மற்றப் பிள்ளையள் பள்ளிவாசல் பக்கம் போக இவங்கள் ரெண்டு பேரும் நிண்டு பாத்தவங்களாம்.

பின்னேரம் என்னட்ட வந்து, "ஏன் பால்?" எண்டான். எனக்கும் சரியாச் சொல்லத் தெரியேல்லை. பூசை செய்யிறவரிட்ட அனுப்பினன். அவர் இவனை ஏற இறங்கப் பாத்துட்டு, "முதல்ல கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் குடத்தைத் தூக்கு, பிறகு சொல்லுறன்" எண்டாராம். வெள்ளிக்கிழமையில இப்ப அவன்தான் குடம் தூக்கிறது. காரணம் சொன்னாரோ எண்டு கேட்டன். "இன்னும் இல்லை" எண்டான்.

ஹேரோ அம்மா:

ஈப்போ சார், அந்தச் சூளைக் கதையைப் பிள்ளையளுக்குச் சொன்ன மாதிரியே ரூமி எழுத்திலயோ இங்கிலீசிலயோ எழுதி வச்சிருக்கிறீங்களோ? வாற மாதம் மகளுக்கு வகுப்பில பத்து நிமிசம் தாறன் எண்டு ரீச்சர் சொல்லியிருக்கிறா. அம்மம்மா நரகாசுரன்தான் வேணும் எண்டு நிக்கிறா. மகள், "அது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, வேற கதை தாங்கோ" எண்டு சொல்லிப்போட்டாள்.